சுவர் கறுத்தால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது: மட்டக்களப்பு, அம்பாறை வீடுகளுக்கான பூஞ்சணம் நீக்கும் வழிமுறை

ஹாட்வேர் கடையில் பூஞ்சணத்துக்கு மருந்து கேட்டால் நாலு வகை எடுத்து வைப்பார்கள். நாலும் கொஞ்சக் காலத்துக்கு வேலை செய்யும். அடுத்த மாரியில் அதே இடத்தில் அதே கறுப்பு வந்து நிற்கும். பிழை மருந்தில் இல்லை. சுவருக்கு வரும் தண்ணீரை யாரும் நிறுத்தவில்லை.

பூஞ்சண வித்திகள் எல்லா வீட்டுக் காற்றிலும் இருக்கின்றன. அவற்றை அடியோடு ஒழிக்க வழியில்லை. சுவர் மேற்பரப்பை ஒட்டிய ஈரப்பதன் 80 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் அவை முளைக்கும். நனைந்த பொருள் 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் காய்ந்துவிட்டால் பெரும்பாலும் முளைக்காது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இரண்டுதான்: கறை எந்த இடத்தில் இருக்கிறது? எந்த மாதத்தில் கூடுகிறது? கார்த்திகை, மார்கழியில் மட்டும் வந்தால் மழைநீர். ஆனி, ஆடிக் கச்சான் காற்றிலும் காயாமல் நின்றால் நிலத்து நீர், அல்லது சுவருக்குள் போகும் பைப். ஏசி ஓடும் அறையைச் சுற்றி மட்டும் வந்தால் சுவர் வேர்க்கிறது.

முதலில்: அது பூஞ்சணம்தானா?

வெள்ளையாகப் பஞ்சுபோல் இருப்பதை எல்லாம் பூஞ்சணம் என்று எண்ணி மருந்து அடிக்கிறார்கள். கொஞ்சம் சுரண்டி ஒரு துளி தண்ணீரில் போடுங்கள். கரைந்து போனால் உப்பு. விரலில் நசித்தால் நறநறவென்று இருக்கும். கரையாமல் மிதந்தால், தேய்த்தால் இழுபட்டுப் பூசுப்பட்டால், பூஞ்சணம். எல்லா உப்பும் இப்படிக் கரையாது. புதுச் சீமெந்துப் பூச்சில் வரும் சுண்ணாம்புப் படிவு கரையாது, ஆனால் வினாகிரி பட்டால் நுரைக்கும்.

கறுப்புப் புள்ளியின்மேல் தண்ணீர் கலந்த பிளீச் ஒரு துளி விட்டு இரண்டு நிமிடம் பாருங்கள். நிறம் வெளுத்தால் பூஞ்சணம். வெளுக்காவிட்டால் கரி, சாம்பிராணிப் புகை அல்லது தூசி. வெளிச்சுவரில் பச்சையாக வழுக்குவது பாசி. அது வெளிச்சம் உள்ள இடத்தில் வளரும், அறைக்குள் வராது. ஆனால் அந்த இடத்தில் சுவர் நீண்ட நேரம் ஈரமாக இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

தரையிலிருந்து மூன்றடிக்குள் ஓதம், பூச்சு உதிர்கிறது, பெயின்ட் கொப்புளிக்கிறது

நம் கரையோரத்தில் அதிகம் பிழையாகக் கையாளப்படுவது இதுதான். கல்லடி, காத்தான்குடி, காரைதீவு, சாய்ந்தமருது, திருக்கோவில் போன்ற இடங்களில் வாவிக்கும் கடலுக்கும் நடுவே, அல்லது கடலோரமாக, மணல் நிலத்தில் வீடு நிற்கிறது. மாரியில் நிலத்தடி நீர் அத்திவாரத்தைத் தொடும் அளவுக்கு ஏறும். அத்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவே தார் பூசிய ஈரத்தடைப் படை இல்லாவிட்டால், அல்லது வெடித்திருந்தால், கல்லின் நுண்துளைகள் வழியே நீர் மேலே ஏறும். பெரும்பாலும் மூன்றடிக்குள் நின்றுவிடும்.

இதோடு நின்றால் வேலை இலகு. இங்கே கூடச் சேர்வது உப்பு. கரை மணலைக் கழுவாமல் கட்டிய சுவர், 2004 டிசம்பர் 26இல் கடல்நீர் புகுந்த சுவர், உவர் நிலத்தில் நிற்கும் சுவர் எல்லாவற்றிலும் உப்பு உள்ளே இருக்கிறது. கறியுப்பு, காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையும். அதனால் மழை இல்லாத நாளிலும் விடியற்காலையில் சுவர் நனைந்து கிடக்கும். கச்சான் அடிக்கும் மத்தியானத்தில் காய்ந்து வெள்ளை பூக்கும். கரைவதும் பளிங்காவதுமாக மாறி மாறி நடக்கும்போது பளிங்குகள் பூச்சை உள்ளிருந்து உடைக்கின்றன. கீழே மழைத்தண்ணீர் இல்லை, பைப் இல்லை, ஆனாலும் சுவர் ஈரம் என்றால் இதை முதலில் சந்தேகியுங்கள்.

ஊசி குத்தும் ஈரமானியை இந்தச் சுவரில் நம்ப வேண்டாம். அது மின் கடத்தலை அளப்பது. உப்பு மின்னைக் கடத்தும். காய்ந்த சுவருக்கும் பெரிய எண் காட்டும். ஒரே உயரத்தில் நல்ல சுவரையும் கெட்ட சுவரையும் ஒப்பிட மட்டும் பயன்படுத்தலாம்.

வழக்கமாகச் செய்யும் மூன்று வேலையும் நிலைமையை மோசமாக்கும். ஒன்று, பழைய பூச்சைக் கொத்தி நீர்புகாச் சீமெந்தால் பூசுவது: நீர் வெளியேற வழி அடைபட்டு இன்னும் மேலே ஏறும், இரண்டு வருடத்தில் ஓதம் யன்னல் மட்டத்துக்கு வரும். இரண்டு, சுவரடியில் நாலடிக்கு டைல்ஸ் ஒட்டுவது: கறை டைல்ஸுக்கு மேல் வரும். மூன்று, பளபளப்பான எண்ணெய் பெயின்ட்.

சரியான ஒழுங்கு இது. வெளியே சுவரை ஒட்டிக் குவிந்த மண்ணை வெட்டி எடுத்து, வெளி நிலம் ஈரத்தடைப் படைக்குக் குறைந்தது ஆறு அங்குலம் கீழே இருக்கச் செய்யுங்கள். வளவை உயர்த்த லோட் லோடாக மண் போட்ட வீடுகளில் இந்தப் படையே புதைந்து போயிருக்கும். பல வீடுகளில் காரணமே இதுதான். பீலித் தண்ணீர் சுவரடியில் விழாமல் பைப் வைத்துத் தூரமாக விடுங்கள். பிறகு ஓதத்தின் மேல் விளிம்பிலிருந்து இன்னும் ஓரடி மேல் வரை பூச்சைக் கொத்தி, கல் இடைவெளிச் சாந்தை அரை அங்குலம் ஆழத்துக்குக் கிண்டி எடுங்கள். வெளிவரும் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ள வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பக் கல்லுக்குள் போகும். கொத்திய பூச்சைச் சுவரடியில் போட்டு வைக்கவும் கூடாது. அதில்தான் உப்பு அதிகம்.

அதன் பிறகு சுவரைத் திறந்தபடி விடுங்கள். ஒரு அங்குலத் தடிப்புக் காய ஏறத்தாழ ஒரு மாதம் என்பது தொழிலில் வைத்திருக்கும் கணக்கு. வைகாசியில் கொத்தினால் ஆவணிக்குள் ஆறங்குலச் சுவர் இருபுறமும் காய வாய்ப்பு உண்டு. ஐப்பசியில் கொத்துவது வீண். காய்ந்ததும் ஒரு பங்கு சீமெந்து, ஒரு பங்கு நீறிய சுண்ணாம்பு, ஆறு பங்கு கழுவிய ஆற்று மணல் என்ற கலவையால் பூசலாம். இது மூச்சுவிடும் பூச்சு. புதுப் பூச்சின் கீழ் விளிம்பு வெளி நிலத்தைத் தொடாமல் நிற்கட்டும். நாலு வாரம் கழித்துச் சுண்ணாம்பு அடிக்கலாம். சுண்ணாம்பின் காரத்தன்மை மிக அதிகம், அதில் பூஞ்சணம் இலகுவில் பிடிக்காது; நம் பாட்டன்மார் வருடா வருடம் வெள்ளையடித்தது அழகுக்காக மட்டும் இல்லை. உள்ளே உப்பு மிக அதிகமென்றால் முதற்பூச்சு உப்பை இழுத்து மறுபடி உதிரலாம். அதைத் தோல்வியாக எண்ணாமல், கொத்தி அகற்றி இரண்டாம் முறை பூசுங்கள்.

வடக்கு அல்லது கிழக்குப் பக்கச் சுவரின் உள்பக்கம், நடு உயரத்தில் திட்டுத் திட்டாக

வாடைக்காற்றோடு வரும் மழை சாய்வாக அடிக்கும். நாலங்குலச் சீமெந்துக் கல் ஒற்றைச் சுவரில் மயிரிழை வெடிப்பு ஒன்று போதும். யன்னலின் கீழ் மூலைகள் இரண்டிலும் கறை என்றால் யன்னல் படியைப் பாருங்கள். படி வெளிப்பக்கம் சரியாமல் மட்டமாகவோ உட்சரிவாகவோ இருக்கும். அடியில் நீர் சொட்டி விழ ஒரு தவாளிப்பு இருக்காது. தண்ணீர் படியின் அடியைப் பிடித்துக்கொண்டு சுவருக்கு ஓடும்.

உறுதிப்படுத்த ஹோஸ் பைப்பால் வெளியே தண்ணீர் அடியுங்கள். கீழிருந்து மேலாக, ஒவ்வொரு பகுதிக்கும் பத்துப் பதினைந்து நிமிடம். மேலிருந்து தொடங்கினால் வழியும் நீர் எல்லா வெடிப்பிலும் புகுந்து எது காரணம் என்று தெரியாமல் போகும். கண்ட வெடிப்பை ஆங்கில வி எழுத்து வடிவில் வெட்டி, விரிந்து சுருங்கும் நிரப்பியால் அடையுங்கள். வெறும் சீமெந்து வைத்தால் வெயிலில் அதே கோட்டில் மறுபடி வெடிக்கும். படிக்கு வெளிச்சரிவும், ஓரத்திலிருந்து ஓரங்குலம் உள்ளே ஒரு தவாளிப்பும் வையுங்கள்.

சீலிங்கில் பழுப்பு வளையம், அதன் ஓரத்தில் கறுப்பு

பெரும்பாலும் கறைக்கு நேர் மேலே ஓட்டை இருக்காது. தண்ணீர் மரச் சலாகை வழியே ஓடி வந்து தாழ்ந்த இடத்தில் சொட்டும். கறையிலிருந்து கூரையின் உயர்ந்த பக்கமாகத் தேடுங்கள். ஓட்டுக் கூரையில் விலகிய ஓடு, முகட்டுச் சாந்து வெடிப்பு. ஷீட் கூரையில் ஆணித் துளை ரப்பர் கெட்டிருப்பது, ஷீட்டின் மேல்மடிப்பு ஆறு அங்குலத்துக்குக் குறைவாக இருப்பது. ஸ்லெப் என்றால் தண்ணீர் தேங்கி நிற்கும் பள்ளம்.

ஒரு எச்சரிக்கை. பழைய நெளி ஷீட்டும், பல வீடுகளின் தட்டைச் சீலிங் ஷீட்டும் அஸ்பெஸ்டஸ். அதன் தூசி பல வருடம் கழித்து நுரையீரல் புற்றுநோய் வரை கொண்டு போகும். கறுப்பு என்று கம்பி பிரஷ் போடுவது, அரத்தாள் தேய்ப்பது, உயர் அழுத்தத் தண்ணீர் அடிப்பது, துளைப்பது எதுவும் கூடாது. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் மெல்லத் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். உடைந்த ஷீட்டை நனைத்து முழுசாக இறக்க வேண்டும்.

ஜிப்சம் சீலிங் நனைந்து கறுத்திருந்தால் துடைத்துப் பயனில்லை. அதன் மேல் தாளே பூஞ்சணத்துக்குத் தீனி. கறை தெரியும் இடத்திலிருந்து இன்னும் இரண்டடி கூட்டி வெட்டி அகற்றுங்கள். பின்பக்கம் பெரும்பாலும் முன்பக்கத்தைவிட மோசமாக இருக்கும்.

ஏசி அறையின் மறுபக்கச் சுவர், சீலிங்கின் மேல்பக்கம், ஏசி வாய்

வெளியே 30 பாகை, ஈரப்பதன் 80 சதவீதம் என்றால் அந்தக் காற்று 26 பாகைக்குக் கொஞ்சம் மேலேயே நீராகிப் படியத் தொடங்கும். மாரியிலும் அதைச் சுற்றியும் நமக்கு இது சாதாரண நிலைமை. அறையை 20இல் வைத்தால் சுவர் குளிரும். அந்தச் சுவரின் மறுபக்கம், ஏசி இல்லாத கூடத்தில், வேர்க்கும். ஆள் தேடுவது ஏசி அறைக்குள், கறுப்பு பிடிப்பது பக்கத்து அறையில். இதனால்தான் பலர் பைப் லீக் என்று நினைத்து நல்ல சுவரை உடைக்கிறார்கள்.

உடைக்குமுன் பிளாஸ்டிக் சோதனை செய்யுங்கள். 18 அங்குலச் சதுரத் தடித்த போலித்தீனைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணித்தியாலம் விடுங்கள். போலித்தீனின் அறைப் பக்கம் நனைந்தால் காற்றின் ஈரம். சுவர்ப் பக்கம் நனைந்தால் சுவருக்குள் நீர்.

திருத்தம்: வெப்பநிலையை 25, 26இல் வையுங்கள். கதவடி இடைவெளியை அடையுங்கள். நூறு சதுர அடி அறைக்கு 18,000 பி.டி.யு. (BTU, ஏசியின் குளிராக்கும் திறனைச் சொல்லும் அலகு) ஏசி போடுவது நம் ஊர்ப் பெருமை, ஆனால் அது பத்து நிமிடத்தில் குளிராக்கி நின்றுவிடும். ஈரத்தை இழுக்க நேரம் கிடையாது. அந்த அளவுக்கு 9,000 போதும். பேனைத் தொடர்ந்து ஓடும் நிலையில் வைத்தால், கம்ப்ரசர் நின்ற பின் சுருளில் நிற்கும் நீரை அதே காற்று திரும்ப அறைக்குள் கொண்டு வரும், தானியங்கியில் விடுங்கள். மழை நாளில் ஈரம் நீக்கும் நிலை நல்லது.

ஏசி வாயில் கறுப்புப் பொட்டு, போட்டதும் ஊத்தை மணம் என்றால் உள்ளே சுழலும் உருளை விசிறியில் பிடித்திருக்கிறது. வடிகட்டியை மட்டும் கழுவிப் பயனில்லை. மின்னை நிறுத்தி, பை கட்டி, சுருளையும் உருளையையும் வடிதட்டையும் கழுவ வேண்டும். வடிகுழாய்க்கு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது சரிவு வேண்டும். வெளிமுனை வாளித் தண்ணீருக்குள் மூழ்கக் கூடாது.

அலுமாரிக்குப் பின்னால், மெத்தை அடியில், உடுப்பு, செருப்பு

காற்றோட்டம் இல்லை, அவ்வளவுதான். அலுமாரியைச் சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளுங்கள், வெளிச்சுவரில் சாய்க்க வேண்டாம். மழை நாளில் அறைக்குள் கொடி கட்டி உடுப்புக் காயப்போடுவதை நிறுத்துங்கள். இடைவிடாமல் மழை பெய்யும் இரவில் யன்னலைத் திறந்தால் அறை காயாது, மேலும் நனையும். பகலில் வெயில் எறிக்கும் இரண்டு மூன்று மணித்தியாலம் எதிரெதிர் யன்னல் திறப்பது மேல். ஈரம் நீக்கும் இயந்திரம் வாங்குவோர் கவனிக்க: பெட்டியில் போட்ட லீற்றர் கணக்குப் பெரும்பாலும் 30 பாகை, 80 சதவீதத்தில் அளந்தது. அறை 60 சதவீதத்துக்கு இறங்கியதும் அது பாதி அளவே இழுக்கும். யன்னல் பூட்டியிருக்க வேண்டும்.

குளியலறை, சமையலறை மூலை

வெளியே தள்ளும் பேன் மணிக்கு 85 கன மீட்டராவது இழுக்க வேண்டும்; குளித்த பின் இருபது நிமிடம் ஓடட்டும். குழாயின் வாய் சீலிங்குக்கு மேல் முடிந்தால் ஈரம் கூரைக்குள் போகிறது. வெளியே கொண்டு போங்கள். டைல்ஸ் இடைவெளியில் சிலிக்கோன் கறுத்தால் துடைக்காமல் வெட்டி எடுத்துப் புதிதாகப் போடுவதே மலிவு.

வெள்ளம் வந்து வடிந்த வீடு

மெயின் சுவிட்சை நிறுத்தி, மின்வினைஞர் சாக்கெட் பெட்டிகளைப் பார்க்கும் வரை போட வேண்டாம். சேற்றை ஈரமாக இருக்கும்போதே அள்ளுங்கள், காய்ந்தால் கொங்கிரீட்டாகிவிடும். மலசலகூடக் குழி கலந்த தண்ணீர் என்றே எல்லா வெள்ளத்தையும் கருத வேண்டும். மெத்தை, தலையணை, பார்ட்டிகிள் போர்ட் அலுமாரி, தும்புத் தரைவிரிப்பு எல்லாம் குப்பை. மனம் வராது, ஆனால் அவை காயாது. தேக்கு, முதிரைச் சாமான் கழுவி நிழலில் காயவிட்டால் தப்பும். வெயிலில் வைத்தால் நெளியும். குழிக்கல் சுவரென்றால் கல்லின் வயிற்றுக்குள் தண்ணீர் நிற்கும். கீழ் வரிசையில் பத்து மில்லிமீட்டர்த் துளை இட்டு வடியுங்கள். மரத்தின் ஈரம் 16 சதவீதத்துக்குக் கீழ் இறங்கும் வரை வார்னிஷ் அடிக்கக் கூடாது.

மணம் மட்டும், கறை இல்லை

சீலிங்கின் மேல்பக்கம், பேன்ட்ரி அலுமாரியின் பின்பலகை, சிங்கின் அடி, கட்டிலடி இந்த ஒழுங்கில் பாருங்கள். காற்று மாதிரி எடுத்துச் சோதிப்பதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். இவ்வளவு வித்தி இருந்தால் ஆபத்து என்று ஒத்துக்கொண்ட எல்லையே இல்லை.

துடைக்கும் வேலை

தண்ணீரை நிறுத்திய பிறகுதான் இது. கறை மொத்தம் பத்துச் சதுர அடிக்குள் என்றால் வீட்டாரே செய்யலாம். அதற்கு மேல், அல்லது கழிவுநீர் கலந்தது என்றால், தெரிந்தவரை அழையுங்கள். இழுப்பு உள்ளவர், சிறு பிள்ளை, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் அன்று வேறு வீட்டில் நிற்கட்டும்.

அறைக் கதவைப் போலித்தீனால் மூடி டேப் ஒட்டி, நடுவில் ஒரு கீறல் விடுங்கள். யன்னலில் ஒரு பேனை வெளியே ஊதும்படி வைத்து மற்ற யன்னலைப் பூட்டுங்கள். போலித்தீன் அறைக்குள்பக்கமாக உள்வாங்கி நின்றால் அமுக்கம் சரி. வித்தி கூடத்துக்குப் போகாது. வெளியே புடைத்தால் எங்கோ தவறு, வேலையை நிறுத்துங்கள். என்95 மாஸ்க், காற்றுத்துளை இல்லாத கண்ணாடி, ரப்பர் கையுறை. துணி மாஸ்க் போதாது.

காய்ந்த கறையைப் பிரஷ் போடுவதே பலர் செய்யும் முதல் பிழை. ஒரு சுவரில் இருந்தது நாலு சுவருக்கும் போகும். மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா (HEPA) வடிகட்டி உள்ள வக்கியூம் இருந்தால் முதலில் அதால் இழுங்கள். சாதாரண வக்கியூம் பின்பக்கத்தால் எல்லாவற்றையும் திரும்ப ஊதிவிடும். இல்லாவிட்டால் தண்ணீரை மெல்லத் தெளித்து நனைத்து, வொஷிங் பவுடர் கரைசலில் துணி தோய்த்துத் துடையுங்கள். மேலிருந்து கீழ், ஒரே பக்கமாக, துணியை மடித்து மாற்றியபடி. இரண்டு வாளி வைத்தால் அழுக்குத் தண்ணீரில் திரும்பத் தோய்க்க வராது.

பிளீச் டைல்ஸ், கண்ணாடிக்குச் சரி. நாலு லீற்றர் தண்ணீருக்கு ஒரு கோப்பைக்கு, அதாவது 240 மில்லிலீற்றருக்கு, மேல் வேண்டாம். பூச்சிலும் மரத்திலும் குளோரின் மேலே நிற்க, தண்ணீர் மட்டும் உள்ளே போகும். நிறம் வெளுத்து வேர் மிஞ்சும். பிளீச்சோடு கொமட் கழுவும் அமிலமோ அமோனியாவோ ஒருபோதும் சேரக் கூடாது. பூட்டிய குளியலறையில் அந்த வாயு ஆளை விழுத்தும்.

துடைத்த துணி, கொத்திய பூச்சு எல்லாம் அறைக்குள்ளேயே பையில் கட்டி வெளியே போக வேண்டும். கட்டிய பையின் வெளிப்பக்கத்தையும் துடையுங்கள்.

பெயின்ட் கடைசி. பூஞ்சணத் தடுப்பு பெயின்ட் காய்ந்த, சுத்தமான சுவருக்கு. ஈரச் சுவரில் மூன்று மாதத்தில் தோலாக உரியும். அறையை 24 மணித்தியாலம் பூட்டி வைத்துத் திறக்கும்போது மணம் இருக்கக் கூடாது, போலித்தீன் சோதனை இரு பக்கமும் காய்ந்து வர வேண்டும். இரண்டும் சரியாகாமல் மேசன் பெயின்ட் வாளியைத் திறந்தால், கூலி கொடுக்காமல் அவரைத் திருப்பி அனுப்பலாம்.